சக்கரத்துக்குப் போன துண்டு

எங்கள் வீட்டுக் கார் ஓடியதைவிடத் துடைக்கப்பட்டதுதான் அதிகம். அதற்குக் காரணம் அதை வாங்கிய அண்ணன் இல்லை, ஓட்டிய நானும் இல்லை. மதினிதான். இத்தனைக்கும் அவளுக்குக் கார் ஆகவே ஆகாது. ஊர் தாண்டுவதற்குள் குமட்ட ஆரம்பித்துவிடும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிப் பின் சீட்டில் சாய்ந்து கிடப்பாள். ஆனால் அந்தக் காரின் மேல் எந்தத் துணி படலாம், எது படக்கூடாது என்பதை மட்டும் கடைசிவரை வேறு யாரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. இங்கேயும் மதினி என்றே இருக்கட்டும்.

அண்ணனுக்கு விருதுநகரில் காகித வியாபாரம். சிவகாசி, திருத்தங்கல் அச்சாபீசுகளுக்கு லேபிள் காகிதம் கொடுத்துக்கொண்டிருந்தார். சீசன் வந்துவிட்டால் காலையிலிருந்து கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்க வேண்டும். பஸ்ஸை நம்பி ஆர்டர் பிடிக்க முடியவில்லை. ஐம்பதுகளின் கடைசியில், மதுரையில் யாரோ ஒரு டாக்டர் ஓட்டிக் கழித்த காரை வாங்கி வந்தார். பால் நிறம். எனக்குப் படிப்பு ஏறாது என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்ததால் ஸ்டியரிங் என் கைக்கு வந்தது.

பால் நிறக் காரை எங்கள் ஊரில் வைத்துக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சிவகாசி ரோட்டில் ஒருமுறை போய் வந்தால் கரிசல் புழுதி கண்ணாடி முதல் கதவிடுக்கு வரை அப்பிக் கிடக்கும். கழுவலாம் என்றால் தண்ணீருக்கு எங்கே போவது? குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு நிற்கிற ஊர். காரைக் குளிப்பாட்டுகிறேன் என்று வாளி வாளியாக ஊற்றினால் தெருவே திரண்டு சண்டைக்கு வந்துவிடும். வீட்டுத் துணியெல்லாம் அலசி முடித்த கடைசித் தண்ணீரில் ஒரு வாளியை மதினி எனக்கென்று ஒதுக்கி வைப்பாள். காருக்குக் கிடைப்பது அவ்வளவுதான். மீதி வேலையைத் துணிதான் பார்க்க வேண்டும்.

பின்கட்டில் காருக்கென்று தனியாகக் கொடி கட்டியிருந்தாள். கழுவுகிற துணிக்கு ஒன்று, ஈரம் ஒற்றுகிற துணிக்கு ஒன்று, பளபளப்பாக்குகிற துணிக்கு ஒன்று. ஒரு கொடித் துணி இன்னொரு கொடிக்குப் போகக் கூடாது. கழுவுவதற்குப் பழைய பனியன். "பனியன் மண்ணை உள்ள வாங்கிக்கிடும். மத்த துணி மண்ணை மேலயே வச்சுக்கிட்டு ஒன்னோட சேந்து தேய்க்கும்" என்பாள். ஈரம் ஒற்றத் தேங்காய்ப்பூத் துண்டு. அண்ணன் தாம் குளித்துவிட்டுத் துவட்டிக்கொள்ள ஆசைப்பட்டு மதராஸிலிருந்து வாங்கி வந்தது அது. வந்த வாரமே கொடிக்குப் போய்விட்டது. அண்ணன் பழையபடி ஈரிழைத் துண்டுக்குத் திரும்பினார்.

பளபளப்புத் துணிதான் சிரமம். வெளுத்து வெளுத்துக் கஞ்சியின் நினைவே அற்றுப்போன மல் வேட்டியாக இருக்க வேண்டும். கரையைக் கிழித்துவிடுவாள். ஓரம் தைத்திருந்தால் தையலைப் பிரித்துவிடுவாள். அதன்பிறகு கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்ப்பாள். கன்னம் ஒத்துக்கொண்டால்தான் அது காருக்கு. துடைக்கும்போது துணி கைதவறிக் கீழே விழுந்துவிட்டால் போச்சு. "மண்ணு ஏறிருச்சு. அது இனிமே சக்கரத்துக்கு" என்று அப்போதே தீர்ப்பாகிவிடும். அப்பீல் கிடையாது. நான் பல நல்ல துணிகளை அப்படிச் சக்கரத்துக்குத் தாரை வார்த்திருக்கிறேன்.

துணிக்கு மட்டும்தான் இந்தக் கறார் என்று நினைத்துவிடக் கூடாது. மதினிக்கு முகதாட்சண்யம் என்கிற ஒன்றைக் கடவுள் வைக்க மறந்துவிட்டார். பந்தியில் பக்கத்தில் வந்து, "சாப்பாடு எப்படி இருக்கு தாயி?" என்று கல்யாண வீட்டுக்காரர் கேட்டால், எங்கள் பக்கத்தில் யாராயிருந்தாலும் "அமிர்தமா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். மதினி, "பாயாசம் நல்லாருக்கு. சாம்பார்ல புளி கூடிப்போச்சு" என்பாள். அதில் குத்தலும் இருக்காது, குசும்பும் இருக்காது. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். இதனால் சொந்தத்தில் பாதிப் பேர் அவளிடம் எதையும் கேட்கவே பயந்தார்கள். மீதிப் பாதி, நகை வாங்குவதானாலும் சேலை எடுப்பதானாலும் அவளைக் கேட்காமல் வாங்கமாட்டார்கள்.

ஒருமுறை தீப்பெட்டிக் கம்பெனிக்காரர் யாரோ அண்ணனுக்கு யோசனை சொல்லியிருக்கிறார், தீக்குச்சி முக்குகிற மெழுகை உருக்கிப் பூசினால் கார் கண்ணாடியாக மின்னும் என்று. அண்ணன் ஒரு கட்டி மெழுகோடு வந்து, மதினியின் பேச்சைக் கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பூசினார். மின்னத்தான் செய்தது. மறுநாள் சித்திரை வெயிலில் வெம்பக்கோட்டை வரை போனோம். மெழுகு இளகிவிட்டது. வழியிலிருந்த கரிசல் அத்தனையும் எங்களோடு ஊருக்கு வந்துவிட்டது. வாசலில் நின்ற எருமை நிற வண்டியை மதினி ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"தீக்குச்சிக்குப் பூசுறதக் காருக்குப் பூசியாச்சு. இனி ஒரசிப் பாக்க வேண்டியதுதான் பாக்கி" என்றாள்.

அண்ணன் அன்று முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருந்தார். அந்த மெழுகை எடுக்க நல்ல மல் துணியெல்லாம் செலவானது. காருக்காக அவள் வருத்தப்படவில்லை. துணிக்காகத்தான் வாரக்கணக்கில் வருத்தப்பட்டாள்.

அவள் மட்டும் தப்பே செய்யாதவள் என்று சொல்லவரவில்லை. தன் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து ஈரம் ஒற்றப் போட்டாள். அதை நான் நனைந்தபடியே பானட்டின் மேல் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வெயிலில் சாயம் இறங்கி, விளக்குக்குப் பக்கத்தில் ஊதாப்பூ பூத்துவிட்டது. அண்ணன் என்மேல் பாய்ந்தார். "அவனை எதுக்கு வையுறீக? துணி எடுத்துக் குடுத்தது நான். என் தப்புதான்" என்றாள். அவளுக்கு அவளே முகதாட்சண்யம் பார்த்துக்கொண்டதில்லை. அந்த ஊதாக்கறை காரை விற்கிறவரை இருந்தது.

இந்தக் குணம் எங்கள் தங்கச்சியின் தலைப்பிரசவத்தில் வந்து முட்டியது.

எங்களுக்கு அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். மதினி கல்யாணமாகி வந்தபோது தங்கச்சி பாவாடை கட்டிய பள்ளிக்கூடத்துப் பிள்ளை. பேன் பார்த்துத் தலைவாரிவிட்டதிலிருந்து எல்லாம் மதினிதான். தங்கச்சியைத் திருத்தங்கலில் ஓர் அச்சாபீஸ்காரர் மகனுக்குக் கொடுத்திருந்தோம். அந்த வீட்டிலும் மாமியார் இல்லை. எல்லாம் ஆம்பிளைகள், மிஷின் சத்தம், மை வாடை. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து மதினிக்கு ஒரே நினைப்புதான். ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு அவளை இங்கே கூட்டிவந்துவிட வேண்டும்.

அதற்கு முந்தைய வருஷம்தான் அப்பா தவறியிருந்தார். எங்கள் பக்கத்தில் கருமாதி அன்று சம்பந்தகாரர்கள் ஒவ்வொருவராக வந்து மூத்த மகன் தலையில் புதுத் துண்டு கட்டுவார்கள். உருமால் கட்டு என்று பெயர். பெரிய மரியாதை அது. யார் முதலில் கட்டுவது என்று சண்டையே வரும். அண்ணன் தலையில் கட்டி அவிழ்த்துக் குவித்த துண்டுகள் ஒரு பெட்டி இருந்தன. மற்ற வீடுகளில் இதையெல்லாம் பத்திரமாக வைத்திருந்து, அடுத்து ஏதாவது விசேஷம் வந்தால் வேறொரு தலையில் கட்டிவிட்டு வருவார்கள். எங்கள் ஜில்லாவில் பல துண்டுகள் தலைக்குத் தலை பயணம் செய்தே ஆயுளை முடித்தவை. எவனும் அதில் ஒரு சொட்டு ஈரத்தைத் துடைத்துப் பார்த்திருக்க மாட்டான்.

மதினி துடைத்துப் பார்த்தாள். கார் வந்ததும் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு துண்டின் மேலும் சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். திருத்தங்கல் சம்பந்தி கட்டியது அகலமான சிவப்புக் கரை போட்டது. அதன்மேல் தண்ணீர் சேம்பு இலையில் நிற்கிற மாதிரி உருண்டு நின்றது. கஞ்சி போக ஊறவைத்தாள், அடித்துத் துவைத்தாள். அப்படியும் அது ஈரத்தை வாங்க மாட்டேன் என்றது. சக்கரத்துக்குப் போய்விட்டது.

வளைகாப்புக்கு நாள் பேசுவதற்காகச் சம்பந்தி ஒருநாள் காலையில் பஸ்ஸை விட்டிறங்கி நடந்து வந்தார். நான் வாசலில் குத்தவைத்துச் சக்கரம் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் அச்சாபீஸ்காரர். சிவப்பில் எத்தனை சிவப்பு உண்டோ அத்தனையும் தெரிந்த கண். என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன துண்டு?"

"சும்மா பழைய துண்டு மாமா. உள்ள வாங்க" என்றேன்.

அதற்குள் மதினி செம்பில் தண்ணீரோடு வாசலுக்கு வந்துவிட்டாள். அவர் அவளிடம் திரும்பி, "ஒங்க மாமனார் கருமாதிக்கு நான் கெட்டுனதுதானம்மா இது?" என்று கேட்டார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன்.

"ஆமா மாமா. ஒங்களுதுதான்" என்றாள் மதினி.

அவர் செம்பை வாங்கவில்லை. "எங்க வீட்டு மருமக எங்க வீட்டுலயே பெத்துக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தார்.

அதன்பிறகு யார் போய்ப் பேசினாலும் அவர் அசையவில்லை. ஏழாம் மாசம் வளைகாப்பு இல்லாமலே கழிந்தது. தங்கச்சி அந்தப் பக்கம் போய்வந்த ஒரு சொந்தக்காரியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "இங்கன ராத்திரி வலி எடுத்தா யார எழுப்பன்னுகூடத் தெரியல. மதினிய எப்படியாச்சும் வரச்சொல்லுங்க." அதைக் கேட்டுவிட்டு மதினி அடுப்படியில் போய் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.

ஒன்பதாம் மாசம் பிறந்ததும் அண்ணன் ஒரு முடிவோடு கிளம்பினார். சரிகை போட்ட அங்கவஸ்திரம் ஒன்று வாங்கினார், சம்பந்திக்குப் போர்த்த. மதினியைக் கூப்பிட்டு, "தம்பி தெரியாம எடுத்துத் தொடச்சுட்டான்னு சொல்லிருவோம். அவனும் ஒத்துக்கிட்டான். நீ வாயத் தொறக்காம நில்லு, போதும்" என்றார். மதினி எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு ஏறினாள். ஆமத்தூர் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள்.

திருத்தங்கலில் அச்சாபீசும் வீடும் ஒரே கட்டடம். சம்பந்தி முன்னறையில் லேபிள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க என்றார், உட்காரச் சொல்லவில்லை. உள்வாசல் திரைக்குப் பின்னால் தங்கச்சியின் வளையல் சத்தம் கேட்டது. அண்ணன் ஆரம்பித்தார்: "மாமா, இவன் வெவரம் இல்லாத பய. எது என்ன துண்டுன்னு தெரியாம..."

சம்பந்தி கையைக் காட்டி நிறுத்தினார். "நீ சொல்லும்மா" என்றார் மதினியிடம்.

"நான்தான் எடுத்துக் குடுத்தேன் மாமா. தெரிஞ்சுதான் குடுத்தேன்."

அண்ணன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். எனக்கும் அவள்மேல் கோபம் வந்தது. திரைக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைக்காக ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

"எதுக்குக் குடுத்த?"

"தண்ணி வாங்கல மாமா. கண்ணாடிக்குப் போட்டா கோடு விழுது. வேற எதுக்கும் ஆகல."

"எம்புட்டுப் பேரு கெட்டுனாக அன்னைக்கு. அம்புட்டுலயும் ஏந்துண்டுதான் ஒனக்குச் சக்கரத்துக்குக் கெடச்சுதோ? ஒங்கப்பாவுந்தான கெட்டுனாரு. அதெங்க? பெட்டியில வச்சுப் பூட்டிருக்கயோ?"

"இல்ல மாமா. அது என்ஜின்ல எண்ணெ தொடைக்கக் கெடக்கு."

எனக்கே அது தெரியாது. என்ஜினுக்கென்று ஒரு துணி கொடுத்திருந்தாள். எண்ணெயில் ஊறிப்போன அதை யார் கட்டியது, எப்போது கட்டியது என்றெல்லாம் நான் யோசித்ததே இல்லை. சம்பந்தி நம்பவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். "தொற பாப்போம்" என்றார். நான் பானட்டைத் தூக்கினேன். பேட்டரிக்குப் பக்கத்தில் கருப்பாகச் சுருண்டு கிடந்தது. அவரே எடுத்து விரித்தார். கட்டை விரலால் ஓரத்தை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். அடியில் பச்சைக்கரை தெரிந்தது. கருமாதியன்று யார் முதலில் கட்டுவது என்று அவருக்கும் மதினியின் அப்பாவுக்கும்தான் வாக்குவாதம். பக்கத்தில் நின்று அந்தப் பச்சைக்கரையைப் பார்த்தவர் அவர். மறக்க நியாயமில்லை.

மதினியின் அப்பா அந்த வருஷம் பங்குனியில்தான் இறந்துபோயிருந்தார். இவரும் சாவுக்கு வந்திருந்தார்.

"ஒங்கப்பா குடுத்ததும்மா இது" என்றார், குரல் இறங்கி. "அவரு போனப்புறமாச்சும் எடுத்து வைக்கணும்னு ஒனக்குத் தோணலயா?"

"தோணுச்சு மாமா. எடுத்து அலசி ரெண்டு நாளு பெட்டியிலதான் வச்சிருந்தேன்." மதினி காரைப் பிடித்துக்கொண்டாள். "வச்சு என்ன செய்ய? அப்பா குடுத்ததுன்னு நெனச்சா தண்ணி வாங்கிருமா? எண்ணெயத்தான் வாங்குது. பெட்டியில கெடந்தா வருசத்துக்கு ஒருக்கா பாப்பேன். இங்கன கெடந்தா தெனம் காலையில தம்பி கையில பாக்கேன். எங்கப்பா வேலையா இருக்காருன்னு நெனச்சுக்கிடுவேன்."

எனக்கு அந்த இடத்திலேயே அவள் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது. கொஞ்சம் முன்னால் கோபப்பட்டதற்காக என்னையே திட்டிக்கொண்டேன். அண்ணன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருக்கும் இது தெரியாது.

சம்பந்தி துணியைச் சுருட்டி, எடுத்த இடத்திலேயே வைத்து, பானட்டை அவரே இறக்கினார். மேல்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏத்தா, சேலையை மாத்து. ஒங்க மதினி வந்திருக்கா."

தங்கச்சி சேலையை மாற்றவெல்லாம் இல்லை. நின்ற கோலத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்து மதினியின் தோளில் விழுந்தாள். இரண்டு பேரும் அழுததைப் பார்த்து மிஷின்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

சம்பந்திக்கு மனசு லேசாகிவிட்டது. "அப்பப் பாத்தா எண்ணெத் துணிக்கு ஏந்துண்டு ஒரு படி மேலதான் இருந்திருக்கு" என்று அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். அண்ணனுக்கு அப்போதுதான் அங்கவஸ்திரம் ஞாபகம் வந்தது. அவசரமாகப் பிரித்து அவர் தோளில் போர்த்தினார். சம்பந்தி அதன் ஒரு முனையை மதினியிடம் நீட்டி, "இது எதுக்கும்மா ஆகும்?" என்று கேட்டார். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைக் கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்த்தாள்.

"சரிகை கீறும் மாமா. காருக்கு ஆகாது. நீங்களே போட்டுக்கோங்க" என்றாள்.

தங்கச்சியைப் பின் சீட்டில் தலையணை வைத்து உட்காரவைத்தோம். மதினி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். யாரோ ஓடிப்போய் அவளுக்குப் புதிதாக ஓர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் வண்டியைக் கிளப்பப் போகும்போது சம்பந்தி திறந்திருந்த கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"ஏம்மா, நான் செத்தா எம்மேல போத்துறதுக்கு ஒங்க வீட்டுலருந்து கோடித்துணி வரும்ல. இந்த ஆம்பளைக கையில அத விட்டுறாத. நீயே பாத்து எடு."

"என்ன மாமா இது, நல்ல காரியமாக் கெளம்பும்போது" என்று அண்ணன் பதறினார். "நீங்க நூறு வயசு இருப்பீக. பேரப்பிள்ள கல்யாணத்தப் பாக்கப் போறீக."

மதினி மூக்கிலிருந்து பழத்தை எடுத்தாள். கதவில் குனிந்திருந்தவரை நிமிரச் சொன்னாள். தலையிலிருந்து கால்வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"ஒங்க ஒசரத்துக்கு எட்டு முழம் பத்தாது மாமா. பத்து முழமா எடுத்துருதேன்."

"அதாம்மா வேணும்" என்று அவரே கதவைச் சாத்தினார்.